அப்பாவுக்கு மட்டும் பிறந்த நாள் ஏன் ஒரு நாள் முன்னால் வருகிறது? பிரேக்பாயின்ட் நிற்காத கதையும் சேர்த்து

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது: கோயில் திருவிழாவில் பால்குடம் எடுப்பவர்கள் பெயர் பதிவதற்கு ஓர் இணையப் பக்கம் செய்திருக்கிறார். குரோம் பிரவுசருக்குள் இருக்கும் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில், சோர்சஸ் பகுதியில் பிரேக்பாயின்ட் (நிரலை ஒரு வரியில் நிறுத்திப் பார்ப்பதற்கான அடையாளம்) வைத்தால் நிரல் அங்கே நிற்பதில்லை. நிரல் எழுதும் செய்திகள் வரும் கன்சோலில் பார்த்தால் பட்டியலில் மூன்று பேர் இருக்கிறார்கள், திரையில் ஒருவரும் இல்லை. டெவ்டூல்ஸைத் திறந்து வைத்தால் புது மாற்றம் தெரிகிறது, மூடினால் பழைய பக்கமே வருகிறது. இது போதாதென்று, அப்பாவின் பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. அக்காவுடையது சரியாக வருகிறது. "கணினியிலேயே கோளாறா? குரோமை அழித்துவிட்டுத் திரும்பப் போடட்டுமா?" என்று முடித்திருக்கிறார்.

குரோமை அழிக்க வேண்டாம், தம்பி. நானும் இதே ஊர்தான். கடைவரிசையில் கணினி பழுது பார்த்துக்கொண்டு, இடையிடையே கேட்பவர்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுக்கிறேன். குரோமைத் திரும்பப் போட்டதால் ஜாவாஸ்கிரிப்ட் பிழை தீர்ந்து நான் பார்த்ததே இல்லை. தீர்ந்த மாதிரி தெரியும். உண்மையில் கேஷ் (பிரவுசர் சேமித்து வைக்கும் பழைய நகல்கள்) காலியானதுதான் காரணமாக இருக்கும்.

நீங்கள் நான்கு கோளாறு சொல்கிறீர்கள். அவற்றில் இரண்டு, ஓடுவது நீங்கள் எழுதிய கோப்புதானா என்பதைப் பார்க்காததால் வந்தவை. மற்ற இரண்டு, கண்ணில் படுகிற மதிப்பு எந்த நேரத்து மதிப்பு என்பதைப் பார்க்காததால் வந்தவை. நிரலைத் திருத்த உட்காருவதற்கு முன் இந்த இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சரியாக இருக்கும் வரியைத் திருத்தித் திருத்திக் கெடுத்துவிடுவோம். நானே எத்தனையோ இரவு அப்படிக் கெடுத்திருக்கிறேன்.

முதலில் கோப்பு. உங்கள் நிரலின் முதல் வரியில் ஒரு கன்சோல்.லாக் (கன்சோலில் எழுதிக் காட்டும் கட்டளை) போட்டு, அதில் "பால்குடம் 7" என்று ஓர் எண்ணோடு எழுதுங்கள். சர்வரில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணை ஒன்று கூட்டுங்கள். 8 ஏற்றிய பிறகும் கன்சோலில் 7 வந்தால், அன்றைக்கு நிரலைத் தொடாதீர்கள். பழைய நகல் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடுங்கள். சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும். என் நேரத்தை இந்த ஒரு வரி மிச்சப்படுத்திய அளவு வேறு எந்தக் கருவியும் மிச்சப்படுத்தியதில்லை.

திறந்தால் புதுசு, மூடினால் பழசு என்கிறீர்களே, அதற்குப் பதில் பெரும்பாலும் நெட்வொர்க் பகுதியின் மேலே இருக்கும் "டிசேபிள் கேஷ்" பெட்டிதான். அதில் டிக் போட்டிருந்தாலும் டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் அது வேலை செய்யும். மூடிய அடுத்த நொடியே பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய கோப்புக்குத் திரும்பிவிடும். ஆக நீங்கள் சோதிக்கும் பக்கம் வேறு, பக்தர்கள் பார்க்கும் பக்கம் வேறு. சர்வரில் ஏற்றும்போது ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு அதே எண்ணைச் சேர்த்துவிடுங்கள். முகவரி மாறினால் பிரவுசருக்கு அது வேறு கோப்பு; பழைய நகலை எடுக்காது.

ஆனால் உங்கள் விஷயத்தில் இதுவும் போதாது. நீங்கள் அனுப்பிய கோப்புப் பட்டியலில் ஒரு சர்வீஸ் வொர்க்கரும் இருக்கிறது. யாரோ செய்த ஆப் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இணையம் இல்லாத இடத்திலும் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தோட்டத்துக்குள் போனால் லைன் கிடைக்காத ஊரில் நல்ல யோசனைதான். ஆனால் அதன் குணம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். புதிய சர்வீஸ் வொர்க்கரை நீங்கள் ஏற்றினாலும், பழையது பிடித்து வைத்திருக்கும் டேப்கள் எல்லாம் மூடும் வரை புதியது வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். வெறுமனே ரீலோட் செய்தால் போதாது. அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் சர்வீஸ் வொர்க்கர்ஸைச் சொடுக்கிப் பாருங்கள். "வெயிட்டிங்" என்று ஒன்று நிற்கும். அங்கேயே "அப்டேட் ஆன் ரீலோட்" என்ற பெட்டியும் இருக்கிறது. அதுவும் டெவ்டூல்ஸ் திறந்திருந்தால்தான் வேலை செய்யும். பக்கம் முழுதாகத் தயாராகும் வரை சர்வீஸ் வொர்க்கரைப் பதிவு செய்யும் வரியை எடுத்துவிட்டு, இருப்பதை "அன்ரெஜிஸ்டர்" செய்துவிடுங்கள். கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே வகையில் இன்னொரு கண்ணி உண்டு: ஓவர்ரைட்ஸ். சோர்சஸ் பகுதியில் ஒரு கோப்பைத் திருத்தி ஓவர்ரைட்டாகச் சேமித்துவிட்டால், அதற்குப் பிறகு சர்வரில் எதை ஏற்றினாலும் டெவ்டூல்ஸ் உங்கள் கணினியில் இருக்கும் நகலைத்தான் ஓட்டும். வைத்ததை மறந்துவிட்டு அரை நாள் சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

சரி, பிரேக்பாயின்ட். பழைய கோப்பு ஓடும்போது புதிய கோப்பில் வைத்த பிரேக்பாயின்ட் நிற்காது என்பது இப்போது தெரிந்திருக்கும். அது தீர்ந்த பிறகும் நிற்கவில்லை என்றால், முதலில் வரி எண்மேல் இருக்கும் நீல அடையாளத்தைப் பாருங்கள். வெளிறிப் போயிருந்தால் எல்லாப் பிரேக்பாயின்ட்டும் மொத்தமாக முடக்கப்பட்டிருக்கிறது. கண்ட்ரோல், எஃப்8 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அப்படி ஆகும். எஃப்8 அழுத்தப் போய் விரல் தவறிக் கண்ட்ரோலும் பட்டுவிடுவது சகஜம். திரும்ப அழுத்தினால் உயிர் வந்துவிடும். அடையாளம் நல்ல நீலமாக இருந்தும் நிற்கவில்லையா? அந்த வரிக்கு நிரல் வரவே இல்லை என்று பொருள். அந்த ஃபங்ஷனின் முதல் வரியில் "டிபக்கர்" என்ற கட்டளையை நேரே நிரலுக்குள் எழுதிவிடுங்கள். டெவ்டூல்ஸ் திறந்திருந்தால் அங்கே நின்றாக வேண்டும். அதுவும் நிற்கவில்லை என்றால் அழைப்பே நடக்கவில்லை. பொத்தானின் ஐடியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, இக்னோர் லிஸ்ட். வெளியார் எழுதிய லைப்ரரிகளுக்குள் நுழைந்து நிற்க வேண்டாம் என்று டெவ்டூல்ஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கும். உங்கள் சொந்தக் கோப்பும் தவறுதலாக அதில் சேர்ந்துவிட்டால், அங்கே எது வைத்தாலும் தாண்டிப் போய்விடும். செட்டிங்ஸில் அந்தப் பட்டியலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சோர்ஸ் மேப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எழுதுவதை ஒரு பில்ட் கருவி சுருக்கி ஒரே வரியாக்கி அனுப்புகிறது என்றால், ஓடுவது அந்தச் சுருக்கிய கோப்பு. நீங்கள் சோர்சஸில் பார்ப்பது சோர்ஸ் மேப்பை வைத்துத் திரும்ப விரித்துக் காட்டிய உருவம். மேப் பழையதாகவும் கோப்பு புதியதாகவும் இருந்தால், 40ஆம் வரியில் வைத்தது 52ஆம் வரியில் போய் நிற்கும், அல்லது வெற்று வரியில் நிற்கும். அப்போது மேப்பை நம்பாமல், சுருக்கிய கோப்பையே திறந்து, கீழே இருக்கும் சுருள் அடைப்புக்குறிப் பொத்தானை அழுத்தி விரித்துப் பாருங்கள். பெயர்கள் எல்லாம் ஓரெழுத்தாக இருக்கும், அழகாக இருக்காது. ஆனால் ஓடுவது அதுதான். உங்கள் பக்கத்தின் அளவுக்குப் பில்ட் கருவியே தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். இருநூறு வரி நிரலை அப்படியே அனுப்பலாம்.

அடுத்து, கன்சோலில் மூன்று பேர் இருந்தும் திரையில் ஆளில்லாத கதை. இங்கே கன்சோல் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்கிறது. கன்சோல்.லாக்கில் ஒரு பட்டியலையோ ஆப்ஜெக்ட்டையோ போட்டால், அதன் நகலை அது எடுத்து வைப்பதில்லை. அந்தப் பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கும். மடங்கிய நிலையில் வெற்று அடைப்புக்குறி தெரியும். பக்கத்தில் இருக்கும் சின்ன முக்கோணத்தை நீங்கள் சொடுக்கும்போதுதான் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லும். அதற்குள் சர்வரிலிருந்து மூன்று பெயரும் வந்து சேர்ந்துவிட்டன. விரித்த வரியின் ஓரத்தில் ஒரு குட்டி "ஐ" அடையாளம் இருக்கும், அதன்மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள்: இந்த மதிப்பு விரித்தபோது பார்த்தது, பிறகு மாறியிருக்கலாம் என்று அதுவே சொல்லும். நாம்தான் படிப்பதில்லை.

ஆக நடந்தது இதுதான். சர்வரிடம் பெயர்களைக் கேட்டு ஃபெட்ச் அனுப்பிவிட்டு, பதில் வருவதற்கு முன்பே பட்டியலைத் திரையில் வரைந்துவிட்டீர்கள். தோட்டத்தில் ஆள் வருவதற்கு முன்பே பெரட்டு (காலை ஆள்கணக்கு) எடுத்து முடித்துவிட்டுக் கொட்டாயை விட்டுப் போன கிராணி (கணக்குப்பிள்ளை) மாதிரி. வரையும் ஃபங்ஷனை, பதில் வரும் வரை காத்திருக்கும் அவெய்ட்டுக்குப் பின்னால் நகர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் பட்டியலைப் போடாமல் அதன் லெங்த்தை (எத்தனை பேர் என்ற எண்ணை) மட்டும் கன்சோலில் போடுங்கள். எண் அந்த நேரத்து எண்ணாகவே நிற்கும். முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை செய்து எழுத்தாக மாற்றிப் போடுங்கள்.

ஒரு வேண்டுகோள். அடையாள அட்டை எண்ணைக் கன்சோலில் போடும் வரிகளைக் கோயிலுக்குக் கொடுக்கும் முன் எடுத்துவிடுங்கள். அங்கே ஒரே கணினியில் நாலு பேர் வேலை செய்வார்கள்.

கைப்பேசியில் மட்டும் பொத்தான் வேலை செய்யவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கணினியில் திரையைச் சுருக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். ஆண்ட்ராய்டில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கணினியில் குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தால், கைப்பேசியில் ஓடும் பக்கத்துக்கே டெவ்டூல்ஸ் கிடைக்கும். கைப்பேசி பட்டியலில் வரவே இல்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கும் மலிவான கேபிள்களில் சில சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவலைக் கடத்தாது. ஐஃபோனுக்கு மேக் கணினியும் சஃபாரியும் வேண்டும். அது இல்லாதவர்கள் ஐஃபோன் வைத்திருக்கும் பக்தரிடம் கொடுத்துச் சோதிப்பதுதான் வழி.

இனி அப்பாவின் பிறந்த நாள். எனக்கு ரொம்பப் பிடித்த பிழை இது. முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இதே பிழை என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. வயதானவர்களுக்கு மட்டும் பிறந்த நாள் வாழ்த்து ஒரு நாள் முன்னதாகப் போய்க்கொண்டிருந்தது. பதிந்தவர் தப்பாகப் பதிந்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி அட்டைகளையெல்லாம் திரும்பச் சரிபார்க்க வைத்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

உங்கள் நெட்வொர்க் பகுதியில் வந்த பதிலை ஒட்டியிருக்கிறீர்கள். அப்பாவின் தேதி 1975-05-09, நேரம் 16:00, கடைசியில் யுடிசியை, அதாவது உலகப் பொது நேரத்தை, குறிக்கும் இசட். அக்காவுடையது 1998-11-20, அதுவும் 16:00. அடையாள அட்டைப்படி அப்பா மே 10, அக்கா நவம்பர் 21. அதாவது சர்வர் பக்கத்தில் யாரோ "மலேசியா என்றால் எட்டு மணி நேரம்" என்று முடிவு செய்து, நள்ளிரவு 12இலிருந்து எட்டு மணி நேரத்தைக் குறைத்துச் சேமிக்கிறார். பிரவுசர் அதைத் திரும்ப நம் ஊர் நேரத்துக்கு மாற்றுகிறது. அக்காவுக்கு எட்டு மணி கூட்டி நவம்பர் 21 நள்ளிரவு 12 வருகிறது. அப்பாவுக்கோ பிரவுசர் ஏழரை மணிதான் கூட்டும். மே 9, இரவு 11.30.

பிரவுசர் சரியாகத்தான் செய்கிறது. 1975இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் யுடிசியைவிட ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் ஆக வேண்டும் என்று 1982 ஜனவரி 1இலிருந்து எட்டு மணி ஆக்கினார்கள். சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12க்குத் தள்ளி வைத்தார்கள். கணக்குப்படி அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரம் இந்தப் பக்கம் நடக்கவே இல்லை. பால்மரம் சீவப் போன என் அம்மா, அந்த வருஷத்திலிருந்து பெரட்டுக்குப் போகும்போது முன்னைவிட இருட்டாக இருந்தது என்று இன்னும் சொல்வார். அந்த இருட்டுதான் உங்கள் பக்கத்தில் அப்பாவின் பெயருக்கு நேரே வந்து நிற்கிறது.

நம்ப முடியவில்லை என்றால் கன்சோலிலேயே சோதித்துப் பாருங்கள். 1975ஆம் ஆண்டுத் தேதி ஒன்றை உருவாக்கி யுடிசியோடு உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் கெட்டைம்ஸோன்ஆஃப்செட் கேளுங்கள், -450 வரும். 1998க்குக் கேளுங்கள், -480 வரும். நிமிடக் கணக்கு, வித்தியாசம் முப்பது. கணினியின் நேர மண்டலம் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலில் வேறு யார் யார் இப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க, எல்லோரையும் ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்க வேண்டாம். தேதியைத் திரையில் எழுதும் வரியின் எண்மேல் வலது சொடுக்குப் போட்டு, கண்டிஷனல் பிரேக்பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து, அந்தத் தேதியின் கெட்அவர்ஸ் (மணி) பூஜ்யத்துக்குச் சமமில்லை என்ற நிபந்தனையை எழுதுங்கள். 1982க்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லாம் நிற்காமல் ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் பெயர் வரும்போது மட்டும் நிரல் நிற்கும். வலப்புறம் ஸ்கோப் பகுதியில் 23:30 என்று கண்ணெதிரே இருக்கும். நிபந்தனை எழுதும்போது ஒரு கவனம்: மாறி ஒன்றை ஒப்பிடும் இடத்தில் ஒற்றைச் சமக்குறி போட்டுவிட்டால் அது ஒப்பீடு இல்லை, மதிப்பையே மாற்றிவிடும். பிழையைத் தேடப் போன இடத்தில் புதுப் பிழையை நட்டுவிட்டு வருவீர்கள்.

சரிசெய்வதற்கு எட்டை ஏழரை ஆக்கிவிடாதீர்கள். அப்பாவுக்குச் சரியாகும், ஆனால் அக்காவின் தேதி இரவு 12.30 ஆகிவிடும், நாள் மாறாததால் யாரும் கவனிக்காமல் அது உள்ளேயே கிடக்கும். பிறந்த தேதி என்பது உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி இல்லை, நாள்காட்டியில் ஒரு சதுரம். அதை டேட் ஆப்ஜெக்ட்டுக்குள் (ஜாவாஸ்கிரிப்ட் தேதியையும் நேரத்தையும் சேர்த்து வைக்கும் வடிவம்) போடாமல், ஆண்டு, மாதம், நாள் என்று எழுத்தாகவே சர்வருக்கு அனுப்பி, எழுத்தாகவே வாங்கி, கோடு இருக்கும் இடத்தில் பிரித்துக் காட்டுங்கள். வயது கணக்கிட மூன்று எண்ணையும் இன்றைய தேதியோடு ஒப்பிட்டால் போதும். இதற்கென்றே டெம்போரல் என்ற புதிய வசதி ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்திருக்கிறது. ஆனால் பழைய கைப்பேசிகளில் இருக்காது, நம் பெரியவர்கள் கையில் இருப்பது அவைதான்.

1995இல் ஜாவாஸ்கிரிப்ட்டை அவசர அவசரமாக உருவாக்கியபோது இந்த டேட்டை ஜாவா மொழியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டார்கள். மாதம் பூஜ்யத்தில் தொடங்குவதும் அங்கிருந்து வந்த வினைதான். இன்னொன்றும் உண்டு, அது உங்கள் பக்கத்தை நிச்சயம் கடிக்கும். அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கத்திலிருந்து பிறந்த தேதி எடுக்கிறீர்கள். ஆண்டுக்கு இரண்டே இலக்கம். ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாக எண்களைக் கொடுக்கும்போது 0 முதல் 99 வரை எதைக் கொடுத்தாலும் டேட் அதை 1900களில்தான் போடும். 2010இல் பிறந்த பிள்ளை 1910இல் பிறந்து, நூறு வயது தாண்டிப் பால்குடம் எடுக்க வருவார். அதே போல அட்டை எண்ணை எண்ணாக மாற்றினால், 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யம் கழன்று 11 இலக்கமோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். அதையும் எழுத்தாகவே வைத்திருங்கள்.

சர்வர் பக்கத்தை எழுதியவர் உங்கள் நண்பர் என்றால், அந்த எட்டு மணி கழிக்கும் வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த பிறகு ஏற்கெனவே சேமித்த பதிவுகளையும் ஒரு முறை திருத்த வேண்டும். அது சுலபம்: சேமித்த நேரத்தோடு நிலையாக எட்டு மணி கூட்டி, தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் எல்லோருக்கும் அட்டையில் இருக்கும் தேதியே வரும், ஏனென்றால் கழிக்கும்போது எல்லோருக்கும் எட்டுதான் கழித்திருக்கிறார். பிரவுசரில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிச் செய்யாதீர்கள், யுடிசியிலேயே கூட்டி யுடிசியிலேயே வெட்டுங்கள். முடித்ததும் முதலில் அப்பாவின் வரியைப் பாருங்கள். மே 10 என்று வந்தால் மற்ற பெரியவர்களுக்கும் வந்திருக்கும்.